மாட்டிய நாளுக்கா, எரிகிற நாளுக்கா காசு?

ஏழை வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் தரும் திட்டம் எந்த நாட்டில் அறிவிக்கப்பட்டாலும் செய்தியில் முதலில் வருவது எண்ணிக்கைதான். இத்தனை லட்சம் வீடுகள், இத்தனை மெகாவாட், இத்தனை கோடி ரூபாய். பேனல் கூரை ஏறிய அன்று எடுத்த கணக்கு அது. மூன்று மழைக்காலம் கழிந்தபின் அவற்றில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று போய் எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே விழும் பள்ளத்துக்குப் பெரும்பாலும் பேனலைக் குறை சொல்ல முடியாது; சிலிக்கான் பேனல் இருபது, இருபத்தைந்து ஆண்டு தாங்கும் பொருள். அதைப் பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், எப்போது காசு கொடுக்கிறோம், அவர் வேலையை யார் பார்க்கிறார்கள் என்ற இடங்களில்தான் பள்ளம் விழுகிறது. ஒப்பந்தக்காரரைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, நல்ல வேலை செய்தால் அவருக்கு லாபமா நட்டமா என்பதுதான் பெரிய கேள்வி. பேனல் மாட்டியதற்குக் காசு என்று எழுதினால் அவர் பேனலை மாட்டிவிட்டுப் போவார். விளக்கு எரிவதற்குக் காசு என்று எழுதினால் எரியவைப்பதற்கான வழியை அவரே தேடுவார். திட்டம் வகுப்பவர்கள் மற்ற எதையும்விட இந்த ஓர் இடத்தில் கவனம் வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வசதி உள்ளவர் தன் மொட்டை மாடியில் சோலார் போடும்போது நான்கு பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறார். வேலை திருப்தியாக இல்லையென்றால் மீதிப் பணத்தைப் பிடித்து வைக்கிறார். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு வந்தால் அன்றைக்கே போன் போட்டுச் சத்தம் போடுகிறார். அக்கம்பக்கத்தில் அவர் என்ன சொல்வாரோ என்ற கவலை ஒப்பந்தக்காரருக்கு உண்டு. அரசுத் திட்டத்தில் சோலார் பெறும் கூலித் தொழிலாளியிடம் இந்தப் பிடி எதுவுமே கிடையாது. ஆளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பணமும் அவர் கையால் போகவில்லை. ஒப்பந்தக்காரரைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் என்பவர் பில்லில் கையெழுத்துப் போடும் அலுவலர். அலுவலருக்கு மார்ச் 31-க்குள் இலக்கை முடித்தாக வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அதே தேதிக்குள் பில் பாஸாக வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு இருவருக்கும் அந்த வீட்டில் சோலி இல்லை. வீட்டுக்காரருக்கோ அன்றிலிருந்துதான் பாடு தொடங்குகிறது.

குறை எங்கே நுழைகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பேட்டரியோடு கூடிய சிறிய வீட்டு அமைப்பை எடுத்துக்கொள்வோம். 50 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர். நல்ல வெயிலில் பேனலிலிருந்து ஏறக்குறைய 3 ஆம்பியர் இறங்கும். கூரையிலிருந்து பேட்டரிக்குப் பத்து மீட்டர் தூரம் என்றால், போகவும் வரவும் இருபது மீட்டர் செம்பு ஒயர் வேண்டும். அது 4 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் வழியில் வீணாவது கால் வோல்ட்டுக்குச் சற்று அதிகம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றலாம். ஆனால் பேனலின் வோல்டேஜ் சூட்டில் குறையும். சோதனைச் சாலையில் 17.5 வோல்ட் காட்டும் பேனல், கோடை நண்பகலில் 65 டிகிரி சூடேறிய நிலையில் 14.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 வோல்ட் அளவு வேண்டும். தடித்த ஒயர் என்றால் தட்டுத் தடுமாறி ஓரளவு நிரம்பும். மெல்லிய ஒயர் என்றால் நாள்தோறும் அரைகுறையாகவே நிற்கும். அப்படி நின்ற பேட்டரியின் ஈயத் தட்டுகளில் சல்பேட் படிகம் படிந்து, ஐந்தாண்டு உழைக்க வேண்டியது இரண்டாண்டுக்குள் படுத்துவிடும். ஒயரில் மிச்சம் பிடித்தது வீட்டுக்குச் சில நூறு ரூபாய். ஆயிரம் வீடு எடுத்த ஒப்பந்தக்காரருக்கு அது சில லட்சம். பணி நிறைவுச் சான்று தரும் நாளில் ஸ்விட்சைத் தட்டினால் விளக்குப் பளிச்சென்று எரியும். குறை இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது சொல்லிக் கொடுக்காமல் போவதால் வரும் கேடு. சார்ஜ் கண்ட்ரோலர் பேட்டரி வற்றும் நிலையில் விளக்கைத் தானே அணைக்கும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. இதை விளக்கிச் சொல்லாத வீட்டில் என்ன நடக்கும்? பாதி ராத்திரியில் விளக்கு நின்றதும் மெஷின் கெட்டுப்போச்சு என்று நினைத்து, ஒயரைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். சில மாதத்தில் பேட்டரி ஒட்ட வற்றிச் செத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இதே வகை. வீட்டுக்காரர் அறியாமையால் கெடுத்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதிவிடலாம். ஆனால் பேனல் மாட்ட வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் பெண்ணிடமும் பிள்ளைகளிடமும் செய்து காட்டியிருந்தால் நேராத சேதம் இது. அந்த அரை மணிக்கு ஒப்பந்தத்தில் சம்பளம் கிடையாது. அதனால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தச் சிக்கலை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்ட நாடு வங்கதேசம். 2003 ஜனவரியில் அந்நாட்டு அரசின் நிதி நிறுவனமான இட்கால், உலக வங்கி, உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவற்றின் துணையோடு மின்கம்பி போகாத கிராமங்களுக்கு வீட்டு சோலார் திட்டத்தைத் தொடங்கியது. 2008-க்குள் 50,000 வீடு என்பது இலக்கு, 2005-லேயே முடித்துவிட்டார்கள். 2018 வாக்கில் எண்ணிக்கை 41 லட்சத்தைத் தாண்டியது. இட்கால் ஒரு வீட்டுக் கூரையிலும் தன் ஆளை ஏற்றவில்லை. 1996-ல் தொடங்கிய கிராமீன் சக்தி, பிராக் போன்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. விற்பது, பொருத்துவது, தவணை வசூலிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அந்த அமைப்புகளின் பொறுப்பு. அவை முதலில் தம் பணத்தைப் போட்டு வீட்டில் பொருத்த வேண்டும். பிறகு விவரத்தோடு இட்காலிடம் விண்ணப்பிக்க வேண்டும். இட்காலின் ஆட்கள் சில வீடுகளை மாதிரிக்குத் தேர்ந்து நேரில் போய்ச் சரிபார்த்த பின்னரே குறைந்த வட்டிக் கடனும் மானியமும் விடுவிக்கப்படும். எந்த பேனல், எந்த பேட்டரி, எந்தக் கண்ட்ரோலர் பொருத்தலாம் என்பதைத் தனியான தொழில்நுட்பத் தரக்குழு முடிவு செய்தது. பட்டியலில் இல்லாத பொருளைப் போட்டால் பணம் வராது. பேனலுக்கு இருபது ஆண்டு, பேட்டரிக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் கட்டாயம்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பரிசோதனைகூட இல்லை. வீட்டுக்காரர் பத்து, பதினைந்து சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை மூன்றாண்டு வரை மாதத் தவணையில் அடைத்தார். தவணை வாங்க மாதாமாதம் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் அந்த அமைப்பின் கள டெக்னீஷியன்தான். விளக்கு எரியவில்லை என்றால் வீட்டம்மா தவணை தர மாட்டார். சரிசெய்து கொடுத்தால்தான் பணம் நகரும். இதனால் எந்த அதிகாரியும் போகாத குக்கிராமத்தில், எந்த விதிப்புத்தகமும் இல்லாமல், மாதம் ஒருமுறை பேட்டரியில் தண்ணீர் அளவு பார்க்கப்பட்டது. கிராமீன் சக்தி கிராமத்துப் பெண்களுக்கே பழுது பார்க்கும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. ஆண்கள் வெளியே போன நேரத்திலும் வீட்டுக்குள் நுழைந்து வேலை பார்க்க அவர்களால் முடிந்தது. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சுமார் 90 டாலர் என்றிருந்த மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் விற்பனை ஏறிக்கொண்டே போனது. ஏழைக்கு எதையும் இலவசமாகக் கொடுத்தால்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் கையில் இருந்த தவணைப் பணம்தான் அங்கே ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்திய கயிறு.

அந்தத் திட்டம் கடைசியில் சரிந்துதானே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013-க்குப் பிறகு விற்பனை வேகமாக விழுந்தது. மின்வாரியக் கம்பி எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கிராமங்களுக்குள் வந்தது. அரசே வேறொரு நலத்திட்டத்தின் கீழ் சோலாரை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தரக்குழு பார்க்காத மலிவுச் சரக்கும் சந்தைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்கு இலவசம் என்றால் நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று பலர் நிறுத்திக்கொண்டார்கள். வசூல் நின்றதும் கூட்டாளி அமைப்புகளால் இட்காலுக்குக் கடனைத் திருப்ப முடியவில்லை. கிராமக் கிளைகளை மூடினார்கள். ஒழுங்காகத் தவணை கட்டிவந்தவர்கள் வீட்டிலும் பழுது பார்க்க ஆள் இல்லாமல் போனது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றாக எனக்குத் தெரியவில்லை. வாதத்தை உறுதிப்படுத்தும் சான்றாகவே தெரிகிறது. வருமானம் இருந்தவரை பராமரிப்பு இருந்தது. வருமானம் அறுந்த மாதமே பராமரிப்பும் அறுந்தது. ஆகவே பராமரிப்புக்கான பணத்தை ஒரே வாய்க்காலில் விடக்கூடாது என்பதும், அதே ஊரில் அரசு இன்னொரு கையால் இலவசமாகக் கொடுத்து முதல் திட்டத்தைக் கெடுக்கக்கூடாது என்பதும்தான் இங்கிருந்து கற்க வேண்டியவை.

வேறு வழியில் போன இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே ஏழைகளுக்கு மின்கம்பி உண்டு. கட்டணம்தான் தாங்க முடியாதது. குறைந்த வருமானம் உள்ள சொந்த வீட்டுக்காரர்களுக்கான சாஷ் என்ற சோலார் திட்டத்தை நடத்தும் பொறுப்பை அம்மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2008-ல் கிரிட் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பிடம் கொடுத்தது. 2001-ல் ஓக்லாந்தில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. திட்டத்துக்கு ஒதுக்கியது 10.8 கோடி டாலர். வீட்டைக் கண்டுபிடிப்பது, தகுதி பார்ப்பது, வடிவமைப்பது, பொருத்துவது, கடைசிவரை பதில் சொல்வது எல்லாம் ஒரே கையில். நிறைய வீடுகளில் அவர்களே தங்கள் ஊழியர்களையும் தொழில் பழகுபவர்களையும் கொண்டு பொருத்தினார்கள். மிச்சத்தை உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு வீட்டு வேலையிலும் தொழில் பழகுபவர் குறைந்தது ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். இதன் தொடர்ச்சியாக, மாசும் வறுமையும் மிகுந்த வட்டாரங்களுக்கென 2019 முதல் 2030 வரை ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் என்ற திட்டத்தை 2018-ல் ஆணையம் அறிவித்தது.

இந்த ஏற்பாட்டின் பலம் எங்கே என்றால், ஒப்பந்தக்காரருக்கு மேலே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கே ஏணி ஏறத் தெரியும் என்பதில். கூரையில் துளை போட்ட இடத்தில் மழைநீர் இறங்காமல் அடைக்கப்பட்டிருக்கிறதா, கனெக்டர் கிளிக் என்று பூட்டியிருக்கிறதா, எர்த் ஒயர் எல்லா பேனல் சட்டத்தையும் தொடுகிறதா என்று பார்க்க, தானே அந்த வேலையைச் செய்த ஆள் வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் ஒப்பந்தக்காரரின் வேலையைச் சரிபார்ப்பவர் பல நேரம் சாலையும் தண்ணீர்த் தொட்டியும் அளந்து பழகிய பொறியாளர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் நீளம், அகலம், எண்ணிக்கை எழுதத்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். சோலாரில் எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை தப்பாக இருக்கலாம். பாதி மாடிக்கு நிழல் விழும் இடத்தில் எட்டு பேனல் மாட்டினாலும் எண்ணிக்கை எட்டுதான்.

கலிபோர்னியாவில் சட்டமும் கடுமையானது. வீட்டு வேலைக்கு ஒப்பந்தக்காரர் வாங்கும் முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அப்படியும் சந்தையில் ஏமாற்று வேலை அடங்கவில்லை. சோலார் போடுவதற்கு முன்பு வீட்டுக்காரர் படித்துக் கையெழுத்திட வேண்டிய நுகர்வோர் வழிகாட்டி ஏட்டை 2019-ல் ஆணையம் கட்டாயமாக்கியது. மோசம் போன வீட்டுக்காரர்களுக்கு ஈடு கட்ட 2021-ல் 50 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. நீண்டகால உத்தரவாதம் என்ற காகிதத்தின் மதிப்பு, அதைக் கொடுத்த நிறுவனம் உயிரோடு இருக்கும் வரைதான். 2024 ஆகஸ்டில் சன்பவர் என்ற பழம்பெரும் அமெரிக்க சோலார் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு வேனும் ஆறு ஆட்களும் வைத்திருக்கும் மாவட்ட ஒப்பந்தக்காரர் ஐந்தாண்டு இருப்பார் என்பதை மட்டும் நம்பி ஒரு திட்டத்தை நடத்த முடியாது. காகிதத்துக்குப் பின்னால் பணம் இருக்க வேண்டும்.

அதனால்தான் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை வேண்டும் என்கிறேன். என் யோசனை இது: பொருள் வந்து இறங்கி, வரிசை எண்கள் பதிவானதும் முப்பது சதவீதம், பொருத்தி, சோதித்து, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஐம்பது சதவீதம், மீதி இருபதை அடுத்த நான்கு ஆண்டில் ஆண்டுக்கு ஐந்தாக, அமைப்பு வேலை செய்கிறது என்று வீட்டுக்காரர் உறுதி செய்தபின். அந்த இருபது சதவீதம் துறையின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போனால் அதே பணத்தைக் கொண்டு இன்னொருவரை வைத்துப் பழுது பார்க்கலாம்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு, சிறிய ஒப்பந்தக்காரர்கள் செத்துப்போவார்கள் என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிறிய ஒப்பந்தக்காரர் வட்டிக்கு வாங்கி பேனல் எடுக்கிறார்; பில் ஆறு மாதம் அலுவலகத்தில் கிடந்தால் அவருக்கு வட்டியே லாபத்தைத் தின்றுவிடும். பிறகு அவர் ஒயரில்தான் கை வைப்பார். உண்மையில் மோசமான வேலைக்குப் பாதிக் காரணம் தாமதமான பணம். ஆகவே பிடித்தம் செய்யும் உரிமை எடுத்துக்கொள்ளும் திட்டம், கொடுக்க வேண்டியதை நாள் தவறாமல் கொடுக்கும் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது. சோலார் ஒப்பந்தப் பத்திரத்தில் இதைவிடக் குறுகிய கெடுவை எழுதி, அதன்படி நடந்துகொள்ளும் துறைக்குத்தான் பிடித்தம் செய்யும் அருகதை உண்டு. எண்பது சதவீதம் உரிய நாளில் கைக்கு வரும் என்று தெரிந்தால், சிறிய ஒப்பந்தக்காரர் இருபதுக்குக் காத்திருப்பார். நூறும் எப்போது வருமென்று தெரியாத இன்றைய நிலையைவிட அவருக்கு அது மேல்.

இரண்டாவது எதிர்ப்பு செலவு. ஒரு சிறிய வீட்டு அமைப்பைச் சோதிக்க ஆளை அனுப்பினால் போக்குவரத்துக்கே பணம் போய்விடும் என்பார்கள். எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. நூறு வீட்டில் பத்தைப் பார்த்தால் போதும், ஆனால் அந்தப் பத்து எது என்பதை ஒப்பந்தக்காரர் முன்கூட்டி அறியக் கூடாது. அதில் ஒன்று தவறினாலும் அந்தத் தொகுதி முழுவதும் மறுபடி பார்க்கப்படும் என்று எழுதிவிட்டால் மீதித் தொண்ணூறையும் அவரே ஒழுங்காகச் செய்வார். வரிசை எண் தெரிகிற புகைப்படம், ஒயர் அளவு தெரிகிற புகைப்படம், இடத்தோடு நேரம் பதிந்த புகைப்படம் எடுக்க இன்று ஒரு செல்போன் போதும். இவற்றையும் தாண்டி, மலிவு டெண்டரே மக்கள் பணத்தைக் காக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்னும் எல்-1 என்ற ஒற்றை விதியால் வேலை எடுத்த ஒருவர், இரண்டாண்டில் பேட்டரி போகும்படி செய்தால், புதிய பேட்டரியின் விலையை யார் கொடுப்பது? அரசு கொடுத்தால் டெண்டரில் மிச்சப்படுத்தியது போயிற்று. ஏழை கொடுக்க முடியாது. அவர் வீடு மறுபடி இருட்டு. ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து விலைப்புள்ளியை மதிப்பிட்டால் எது உண்மையில் மலிவு என்பது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. 2011-ல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தாண்டில் மூன்று லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. 300 சதுர அடி வீடு, அதில் ஐந்து சூரிய விளக்குகள். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 சோலார் விளக்குகளுக்கானது. வீடற்ற ஏழைக்குக் கட்டித் தரும் வீட்டிலேயே சூரிய விளக்கையும் சேர்த்த அந்த எண்ணம் மிக நல்லது. ஆனால் மாநிலம் முழுக்க ஊராட்சி ஊராட்சியாகச் சிதறிக் கிடக்கும் மூன்று லட்சம் வீடுகளில் விளக்கு வைத்தால், மூன்று லட்சம் வீட்டு பேட்டரிகளையும் சேர்த்தே வைக்கிறோம். சுவருக்கும் கூரைக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும். பேட்டரியை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கட்டுமானச் செலவையும் பேட்டரிச் செலவையும் ஒரே வகையாக, ஒரே தவணையாக எழுதும் எந்தத் திட்டத்திலும் ஆறாம் ஆண்டுக்குப் பதில் இருக்காது.

இன்றைய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைவது. 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பில், ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துத் தொடங்கியது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பேனல் பொருத்தி, மின்வாரியம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பொருத்தும் நிறுவனம் ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். பணம் வீட்டுக்காரர் வழியாகப் போவது சரியான திசை. ஆனால் மானியம் வரும் முன்பு முழுத்தொகையைப் புரட்ட முடிந்தவருக்கே அந்தப் பிடி கிடைக்கிறது. புரட்ட முடியாதவருக்காக, நிறுவனமே முதலீடு போடும் முறையும் மின்வாரியமே மொத்தமாகப் பொருத்தித் தரும் முறையும் அத்திட்டத்தில் உண்டு. அந்த வழிகளில் போகும்போது வீட்டுக்காரர் மறுபடி பார்வையாளராகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒப்பந்தத்தை மிகக் கவனமாக எழுத வேண்டிய இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும்போது ஏழைக்கு எதற்கு மாடியில் சோலார் என்ற கேள்வியும் எழும். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி உள்ள வீட்டுக்குப் பெரிதாக லாபம் இல்லைதான்; அந்த வீட்டில் போய் 3 கிலோவாட் மாட்டுவது இலக்குக்காகச் செய்யும் வேலை. ஆனால் தையல் மெஷின், கிரைண்டர், பிரிட்ஜ் வைத்துப் பிழைக்கும் குடும்பம் 400, 500 யூனிட்டைத் தொட்டுவிடும். அங்கே சேமிப்பு நிஜம். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதை ஒப்பந்தக்காரரிடம் விட்டால் அவர் பெரிய கான்கிரீட் மாடியாகப் பார்த்துத் தேர்ந்துவிடுவார். ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் விடுபட்டுப்போகும். கலிபோர்னியாவிலும் ஏழை வீடுகளில் பெரிய தடை பழைய கூரையும் பழைய மின் பலகையும்தான். கூரைக்குத் தக்கபடி தனித்தனி விலை, கூரையைச் செப்பனிடத் தனி ஒதுக்கீடு இரண்டும் இல்லாமல் தகுதியுள்ள ஏழைக்கு சோலார் போய்ச் சேராது.

பழுது பார்க்க ஆள் இல்லை என்ற பேச்சும் இனி செல்லாது. மத்திய அரசின் சூர்யமித்ரா திட்டம் 2015 முதல் சோலார் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. ஐடிஐ முடித்த எலெக்ட்ரீஷியன்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அவர்களில் ஒன்றியத்துக்கு ஒருவரை மாதச் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும், அவர் செல்போன் எண் இன்வெர்ட்டர் மேலேயே எழுதியிருக்க வேண்டும், புகார் வந்து ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் பிடித்த தொகையிலிருந்து வெட்டப்படும் என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய துறை வேண்டாம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு சோலார் திட்டம் வரும்போது எத்தனை வீட்டுக்கு என்று கேட்பதற்கு முன்னால், ஒப்பந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் ஆண்டில் பழுதானால் யார் வருவார், அவருக்கான பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லையென்றால், பணி நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்.